மதில் காப்போரும் முதல் இடுவோரும்

திருக்குறளின் பொருட்பாலில் 75 ஆம் அதிகாரம் அரண். அதனை அடுத்து நிற்கும் 76 ஆம் அதிகாரம் பொருள் செயல்வகை. இவ்வைப்பு முறையை வகுப்பில் விளக்குந்தோறும், அரணும் பொருளும் அண்டை வீட்டார் போல் அமர்ந்திருக்கும் அழகைச் சற்று நின்று நோக்குவது என் வழக்கம். காக்க மதில் இல்லாத நாட்டில் பொருள் தங்காது. பொருள் இல்லாத நாட்டில் மதில் எழாது. ஆனால் மதில் காக்கும் தொழிலையே கூறு கூறாகப் பகுத்துச் சந்தையில் விற்கும் காலமொன்று வரும் என்று பண்டையோர் எண்ணியிருக்கமாட்டார்கள். அக்காலம் வந்துவிட்டது.

இணையம் என்று நாம் வழங்கும் உலகளாவிய கணினி வலையைக் கள்வரிடமிருந்து காப்பதையே தொழிலாகக் கொண்ட கம்பனிகள் இன்று பல உள. அவற்றின் பங்குகள் நியூயோர்க்கிலும் மும்பையிலும் நாள்தோறும் விலைபோகின்றன. ‘கணினிக் கள்வர் பெருகுகின்றனர், ஆதலால் காவல் தொழில் பெருகும், ஆதலால் காவற் கம்பனியின் பங்கை வாங்கினோர் செல்வராவர்’ என்னும் முடிபு பலர் வாயிலும் வழங்குகின்றது. அவிசாவளைக்கு அப்பால், இறப்பர்த் தோட்டங்களும் தேயிலை மலைகளும் சூழ்ந்த எங்கள் தெஹியோவிட்டவிலும், லயங்களில் வாழும் இளைஞர் கைத்தொலைபேசியைக் காட்டி இதனையே பேசுகின்றனர்.

தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்குப் பங்குச் சந்தையில் என்ன அலுவல் என்று அன்பர்கள் வினவக்கூடும். மேலே காட்டிய முடிபில் ‘ஆதலால்’ என்னும் சொல் இருமுறை வருகின்றது. ஒரு வாக்கியத்தில் இணைப்புச் சொல் தனக்குரிய இடத்தில் நிற்கின்றதா என்று பார்ப்பது என் தொழில். அத்தொழிலையே இங்கும் செய்யப் புகுகின்றேன்.

உழிஞையும் நொச்சியும்

பகைவன் மதிலை வளைப்பது உழிஞை. உள்ளிருப்போன் அதனைக் காப்பது நொச்சி. தொல்காப்பியனார் இவ்விரண்டனையும் உழிஞைத் திணையிலேயே அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்தது. கணினி உலகின் போரைப் பார்க்குமிடத்துத் தொல்காப்பியனார் கொண்ட முறையே பொருத்தமாகத் தோன்றுகின்றது. தாக்குவோன் புதிய ஏணி ஒன்று கண்டால் காப்போன் புதிய ஞாயில் ஒன்று கட்டுகின்றான். அது கண்டு தாக்குவோன் வேறோர் ஏணி தேடுகின்றான். ஒருவனின்றி மற்றவனுக்குத் தொழில் இல்லை.

பழைய அரணுக்கு அகழி, காவற்காடு, மதில், வாயில் காப்போர் என உறுப்புகள் இருந்தவாறே புதிய அரணுக்கும் உறுப்புகள் உண்டு. வெளியிலிருந்து வரும் செய்திகளைச் சலித்து வேண்டாதவற்றைத் தடுக்கும் ‘தீச்சுவர்’ ஒன்று. உள்ளே புகுந்த நச்சு நிரல்களைத் தேடிப் பிடிக்கும் காவல் நிரல் ஒன்று. வருவோன் உரியவன்தானா என்பதைக் கடவுச்சொல்லும் ஒருமுறைக் குறியெண்ணும் கேட்டு அறியும் வாயில் ஒன்று. இவற்றை அமைத்து, ஆண்டுச் சந்தா பெற்று, அரசுகளுக்கும் வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வழங்குவதே இக்கம்பனிகளின் வாணிகம்.

இக்காவல் வேண்டப்படுவது என்பதற்குச் சான்று வெகு தூரத்தில் இல்லை. 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த கள்வர், நியூயோர்க்கில் அவ்வங்கிக்கு இருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை வெளியே அனுப்புமாறு 35 கட்டளைகளை விடுத்தனர். அவற்றுள் ஐந்து நிறைவேறின. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போயிற்று. 2 கோடி டொலர் நம் இலங்கைக்கென அனுப்பப்பட்டது. பிலிப்பைன்சுக்குப் போன பணத்தின் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் மறைந்தது. இலங்கைக்கென வந்த தொகையோ திரும்பப் பெறப்பட்டது. காரணம் யாது? பணம் பெறுவோராகக் குறிக்கப்பட்ட அமைப்பின் பெயரில், அறநிலையம் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல் பிழைபட எழுதப்பட்டிருந்தது. அப்பிழை வங்கியாளர் கண்ணிற் பட்டது, ஐயம் எழுந்தது, பணம் நின்றது. மாணவர் ஏடுகளில் எழுத்துப் பிழை திருத்தியே தலை நரைத்த எனக்கு அச்செய்தி தந்த இன்பத்தை அன்பர்கள் உணர்வார்கள். மதில் தோற்ற இடத்தில் எழுத்தறிவு வென்றது.

நம் அரசும் தப்பவில்லை. 2023 ஓகஸ்டு மாதத்தில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைப் பணயக் கள்வர் தாக்கினர். ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் தாக்குண்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்டு 26 வரையான மடல்கள் மீட்க இயலாது அழிந்தன. பழையதாகிவிட்ட மென்பொருளைப் புதுப்பியாது வைத்திருந்ததும், அண்மைக்காலத்துக்குப் படியெடுத்து வையாததும் இவ்விழப்புக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. நூறு நாட் கடிதம் ஓரிரவில் மறைவது ஓர் அரசுக்கு எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே முதலாவது ‘ஆதலால்’ சரியான இடத்திலேயே நிற்கின்றது. கள்வர் பெருகுவதால் காவல் தொழில் பெருகும்.

இரண்டாவது ‘ஆதலால்’

தொழில் பெருகினால் அத்தொழிலின் பங்கை வாங்கியவன் செல்வனாவான் என்பது அடுத்த படி. இங்கேதான் கால் இடறுகின்றது. நடந்த வரலாறுகள் மூன்றனை எடுத்துக்காட்டுவேன்.

‘பயர் ஐ’ என்பது அமெரிக்காவின் காவற் கம்பனிகளுள் ஒன்று. அது 2013 செப்டெம்பரில் தன் பங்கு ஒன்றை 20 டொலராகச் சந்தைக்கு விட்டது. ஆறே மாதத்தில், 2014 மார்ச்சில், அதன் விலை 90 டொலரைக் கடந்தது. இத்தனைக்கும் அக்கம்பனி அப்போது இலாபம் ஈட்டவில்லை. ஈட்டும் என்னும் நம்பிக்கைக்கே அவ்விலை. இரண்டு மாதங் கழிந்தபோது விலை 30 டொலருக்குக் கீழே இறங்கிற்று. கம்பனியின் திறமை குன்றியதோ எனின், குன்றவில்லை. 2020 டிசம்பரில், ‘சோலார் விண்ட்ஸ்’ என்னும் மென்பொருளின் வழியாக அமெரிக்க அரசின் பல திணைக்களங்களுக்குள் ஒற்றர் புகுந்திருந்ததைக் கண்டு உலகுக்கு உரைத்தது அக்கம்பனியே. தன் வீட்டிலும் அவர்கள் புகுந்ததை அது மறைக்கவில்லை. பின்னர் ‘மன்டியன்ட்’ எனப் பெயர் மாறி, 2022 செப்டெம்பரில், பங்கு ஒன்று 23 டொலராகக் கூகுளுக்கு விற்கப்பட்டது. 20 டொலருக்கு வாங்கி ஒன்பது ஆண்டு பொறுத்தவனுக்கு மூன்று டொலர் மிச்சம். 90 டொலருக்கு வாங்கியவனுக்கு நாலில் ஒரு பங்கே கைக்கு வந்தது. உலகுக்குப் பெருந்தொண்டு செய்த கம்பனி, தன்னை உயர்ந்த விலைக்கு நம்பியவனுக்கு நட்டத்தையே தந்தது.

இரண்டாவது வரலாறு ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்னும் கம்பனியுடையது. 2019 ஜூனில் 34 டொலருக்கு வெளிவந்த அதன் பங்கு, 2024 ஜூலை நடுப்பகுதியில் 343 டொலராக நின்றது. ஜூலை 19 ஆந் தேதி அக்கம்பனி தன் காவல் நிரலுக்கு அனுப்பிய புதுப்பிப்பு ஒன்றில் பிழை நேர்ந்தது. அதனால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன என மைக்ரோசொப்ட் நிறுவனம் கணித்தது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. கள்வன் எவனும் வரவில்லை. காவலன் கைப்பிழையே கதவை அடைத்துவிட்டது. இரண்டு வாரத்தில் பங்கின் விலை 220 டொலருக்குக் கீழே வந்தது. ஆயினும் 2025 தொடக்கத்தில் அது 400 டொலரைக் கடந்து உயர்ந்தது. பொறுத்திருக்க முடிந்தவனுக்கு இது ஓர் இடைக்காலத் துன்பம். அந்த ஓகஸ்டு மாதத்திலேயே மகளின் திருமணத்துக்குப் பணம் வேண்டியிருந்தவனுக்கு இது மீளா இழப்பு. பங்கு ஒன்றே, விலையும் ஒன்றே. முதலிட்டவனின் நிலைமைதான் வேறு.

மூன்றாவது நம் அயல் நாட்டினது. பூனா நகரத்துக் ‘குயிக் ஹீல்’ கம்பனி 2016 பெப்ரவரியில் 321 இந்திய ரூபாவுக்குப் பங்கு வெளியிட்டது. சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே விலை வெளியீட்டு விலைக்குக் கீழே போயிற்று. கொரோனா நோய்க் காலத்தில், 2020 மார்ச்சில், நூறு ரூபாவுக்கும் தாழ்ந்தது. 2024 இல் வெளியீட்டு விலையின் இருமடங்கையும் கடந்தது. இக்காலம் முழுவதிலும் கணினிக் களவு கூடியதேயன்றிக் குறையவில்லை என்பதை மறத்தலாகாது. களவு ஒரே திசையிற் சென்றது. பங்கின் விலையோ ஏறியும் இறங்கியும் தன் போக்கிற் சென்றது.

ஒரு கம்பனியை நம்பாது, பல கம்பனிகளின் பங்குகளை ஒரு கூடையிலிட்டு விற்கும் நிதியங்களும் உண்டு. காவற் கம்பனிகளுக்கெனவே அமைந்த அத்தகைய கூடையொன்று 2014 நவம்பரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதற்குச் சந்தையில் வழங்கும் குறியெழுத்து ‘ஹாக்’ என்பது. கணினிக்குள் அத்துமீறிப் புகுதலைக் குறிக்கும் சொல். கள்வன் தொழிலின் பெயரையே காவலர் கூடைக்கு இட்டவரின் நகைச்சுவையை மெச்சத்தான் வேண்டும். கூடை ஒரு கம்பனியின் வீழ்ச்சியிலிருந்து காக்கும். சந்தை முழுதும் வீழும் நாளில் அதுவும் காவாது.

இறப்பர் மரம் சொல்லும் பாடம்

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் எனச் சிலர் ஒதுக்கலாம். எங்கள் பகுதியின் மரங்களே இதே பாடத்தை நூறாண்டுக்கு முன்னர் ஓதிவிட்டன. 1876 இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்து சென்று முளைத்த இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. களனிப் பள்ளத்தாக்கு விரைவில் இறப்பருக்குப் பேர்பெற்ற நிலமாயிற்று. கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் 1896 இல் தோன்றியது. தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டும் பொருட்டே அங்குப் பங்கு வாணிகம் வேரூன்றியது. இன்று நாம் பெரிதாகப் பேசும் பங்குச் சந்தை, இந்நாட்டில், தோட்டத்துக் கொழுந்திலிருந்தும் பாலிலிருந்தும் பிறந்த பிள்ளை. அதன் இலாபத்தை உழைப்பால் விளைவித்தவர் எம் முன்னோர். பங்குப் பத்திரம் மட்டும் அவர்கள் கைக்கு எட்டியதில்லை.

மோட்டார் வண்டி பெருகத் தொடங்கிய காலத்தில், ‘வண்டி பெருகும்; ஆதலால் சில்லுக்கு இறப்பர் வேண்டும்; ஆதலால் இறப்பர்ப் பங்கு வாங்கினோர் செல்வராவர்’ என்று இலண்டன் நகரமே பேசிற்று. 1910 இல் இறப்பரின் விலை இறாத்தலுக்குப் பன்னிரண்டு சிலிங்குக்கு மேல் ஏறியது. முதலிரண்டு கூற்றும் முழு உண்மை. வண்டிகள் அவர்கள் கனவிற் கண்டதைவிடப் பன்மடங்கு பெருகின. ஆனால் எல்லோரும் ஒரே எண்ணத்தால் ஒரே மரத்தை நட்டனர். மரங்கள் பால் சுரந்தபோது சந்தை நிரம்பிற்று. 1921 அளவில் விலை ஒரு சிலிங்குக்குங் கீழே விழுந்தது. உற்பத்தியைச் சட்டத்தாற் குறைக்க 1922 இல் ஸ்டீவன்சன் திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. உலகுக்கு வேண்டிய பொருளை விளைவித்தும், உச்ச விலையில் பங்கு வாங்கியவர் கையைச் சுட்டுக்கொண்டனர். இறப்பர் என்ற சொல்லை எடுத்துவிட்டு இணையக் காவல் என்று எழுதினால் வாக்கியம் பெரிதும் மாற வேண்டுவதில்லை.

ஒரு மாணவனின் வினா

சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். கொழும்பில் வேலை பார்ப்பவன். அவன் தாய் முப்பது ஆண்டுக்கு மேல் தோட்டத்தில் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் ஓய்ந்தவர். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாளி நூற்றுக்கு எட்டும் வேலைகொள்வோர் நூற்றுக்குப் பன்னிரண்டும் செலுத்திச் சேரும் ஊழியர் சேமலாப நிதி அவருக்குக் கிடைத்திருந்தது.

“ஐயா, அம்மாவின் பணத்தை இணையப் பாதுகாப்புக் கம்பனிப் பங்கில் போடலாம் என்று இருக்கிறேன். ஆறு மாதத்தில் இரட்டிப்பாகுமாம்” என்றான்.

“யார் சொன்னது தம்பி?”

கைத்தொலைபேசியை நீட்டினான். முன்பின் அறியாத ஒருவர் கூட்டிய குழு. நாள்தோறும் ‘இலாபம் பெற்றேன்’ என்று எழுதும் பெயர்கள். பணம் செலுத்த ஒரு தனியாளின் வங்கிக் கணக்கு எண்.

நான் அவனிடம் மூன்று வினாக்களைக் கேட்டேன். வாங்கும் பங்கு யார் பெயரில் பதியப்படும்? பணம் பெறுபவருக்கு அத்தொழில் நடத்த யார் அனுமதி கொடுத்தார்? நாளைக்கே பணம் வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது? மூன்றுக்கும் அவனிடம் விடையில்லை. “குழுவில் கேட்டுச் சொல்கிறேன் ஐயா” என்றான். கேட்டான். அன்று மாலையே அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கள்வரிடமிருந்து காக்கும் கம்பனியின் பெயரைச் சொல்லியே கள்வர் வலை விரித்திருந்தனர். எந்தத் தீச்சுவரும் இதைத் தடுத்திராது. கதவைத் திறந்து பணத்தை நீட்டுபவன் வீட்டுக்காரன் அல்லவா?

பின்னர் அவன் தாயாரைச் சந்தித்தபோது அவர் கூறியதை இங்கே எழுதுகின்றேன். “பங்கு கிங்கு எனக்குத் தெரியாதுங்க ஐயா. காசு எங்கே இருக்குதுன்னு கேட்டா, இந்தா இங்கே இருக்குதுன்னு காட்டத் தெரியணும்.” முதலீடு பற்றிய நூல்கள் பல அதிகாரங்களில் விரிக்கும் பொருளை அவ்வம்மையார் ஒரு மூச்சில் கூறிவிட்டார். பணத்தின் பெரும்பகுதி வங்கி வைப்பில் இருக்கின்றது. ஒரு பகுதியால் கூரைத் தகரம் மாற்றப்பட்டது.

செய்யத் தக்கன

இதனால் பங்கு வாங்குதலே பாவம் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. பங்கு என்னும் சொல்லுக்குக் கூறு என்பது பொருள். ஒரு தொழிலின் கூற்றை வாங்குகின்றவன் அத்தொழிலுக்குப் பங்காளியாகின்றான். பங்காளி என்பவன் கலியாணத்துக்கு மட்டும் வருபவன் அல்லன், இழவுக்கும் வரவேண்டியவன். இலாபத்தோடு நட்டத்தையும் தாங்கும் வலி உடையவனே பங்காளியாகத் தகுவான்.

வலி என்பதை எண்ணாற் காட்டுவேன். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அவ்வாண்டு ஜூலையில் மேலே கூறிய கம்பனியின் பங்கு ஒன்று 343 டொலர். டொலர் ஒன்றை 300 ரூபாவாகக் கொண்டாலும் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல். ஒரு பங்குக்கு எழுபத்தாறு நாள் மலையேறி இறங்க வேண்டும். இரண்டு வார வீழ்ச்சியில் அவற்றுள் இருபத்தேழு நாள் உழைப்பு கரைந்திருக்கும். சம்பளம் பெரிதாயினார்க்கு அது ஒரு மாதத்துச் சிறு குறை. எம்மவர்க்கு அது அடுப்பு எரியாமை.

ஆதலின் இளைஞர்க்கு நான் கூறுவன சில. ஐந்தாண்டுக்குள் வேண்டிய பணத்தைப் பங்கில் இடற்க. முதியோரின் சேமலாப நிதியைப் பங்கில் இடற்க. தன் உழைப்பில் மிஞ்சியதை இடுக. அதனையும் ஒரே தொழிலில் இடற்க. கம்பனியின் பெயர்ப் புகழை விடுத்து, அதன் வரவு செலவுக் கணக்கைக் கேட்டறிக: சந்தா செலுத்துவோர் ஆண்டுதோறும் நிலைக்கின்றனரா, கம்பனி இலாபம் காண்கின்றதா, காணும் இலாபத்துக்கு விலை தகுமா என்பன வினாக்கள். இலங்கையில் பங்கு வாணிகம் 2021 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் கண்காணிப்பில் நடைபெறுவது. அனுமதி பெற்ற தரகர் வழியாக, தன் பெயரில் திறந்த மத்திய வைப்புக் கணக்கிலேயே பங்கைப் பெறுதல் வேண்டும். அயல் நாட்டுப் பங்குகளை வாங்குவோர் 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு அமைந்தே வாங்க இயலும். அதனை வங்கியிற் கேட்டறிந்து செய்க. தனியாளின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்பவன் எவனாயினும் அவனை விட்டு விலகுக. ஒருமுறைக் குறியெண்ணைத் தாய்க்கும் உரையற்க என்பர் வங்கியாளர். அதுவே நம் வீட்டு வாயிலின் தாழ்.

இன்னொரு முதலீடும் உண்டு. காவற் கம்பனியின் பங்கை வாங்க இயலாதவனும் காவற் கலையைக் கற்க இயலும். கணினிக் காவல் கற்ற இளைஞனுக்கு உலகெங்கும் வேலை இருக்கின்றது. அவ்விலை சந்தை மூடும் மணியோடு இறங்குவதில்லை. முதல் என்னும் தமிழ்ச் சொல் தொடக்கத்தையும் குறிக்கும், வேரையும் குறிக்கும், வாணிகத்துக்கு இடும் பொருளையும் குறிக்கும். வேரை விற்று நிழல் வாங்குவார் இல்லை. மலையகத்து மக்களுக்கு முதல் இன்னும் ஆழ ஊன்றவில்லை. இப்போதுதான் மண்ணைப் பற்றுகின்றது. அதனைப் பிடுங்கிப் பார்க்காமல் வளரவிடுதலே இவ்வேளையில் நமக்குச் சிறந்த அரண் என்பது என் துணிபு.